எட்டாயிரத்துக்கு மேலே

ஒரே ஆள் ஒரே பையிலிருந்து விருதுக்கான அழைப்பையும் எச்சரிக்கைக் கடிதத்தையும் அடுத்தடுத்து எடுத்து நீட்டினால், வாங்குகிறவள் சிரிப்பதா அழுவதா? சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எனக்கு அந்தச் சோதனை வந்தது. அடுப்பில் நெத்திலி அவியல் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் உடல்நலக் கழகத்தின் ஆய்வாளர் தங்கபுஷ்பம் நின்றாள். முப்பது வயதிருக்கும். வெயிலில் அலைந்து கறுத்த முகம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கமானவள்தான்.

"பிலோமினாக்கா, மொதல்ல வாழ்த்து சொல்லிக்கிடுதேன். தூத்துக்குடியிலயே நல்ல உடம்பு உங்க உடம்புதானாம். நாப்பத்திரண்டு வயசுல நாடி அம்பத்திநாலு. எங்க டாக்டர் நம்பாம கணக்க ரெண்டு தடவ பாத்தாரு."

நான் நைட்டியைச் சரிசெய்கிற சாக்கில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். 'ஓடும் பெற்றோர் விருது' என்று பொன் எழுத்தில் அச்சடித்த அழைப்பிதழ் என் கைக்கு வந்தது. நாளை மாலை தருவை மைதானத்தில் விழா என்று போட்டிருந்தது.

"இது இன்னொண்ணு," என்று குரலைத் தாழ்த்தினாள். "உங்க மக ஜோவிதா. பதினாலு வயசு. மூணு வருசத்துல மொத்தமே முன்னூத்திப் பன்னெண்டு அடிதான் எடுத்து வச்சிருக்கா. வளர்ப்புல கவனக்குறைவுன்னு கடிதம் வந்திருக்கு. எங்கிட்ட சொல்லுங்கக்கா, பிள்ளைக்கு என்ன? படுத்த படுக்கையா?"

சரியாக அந்த நேரத்தில் படுத்த படுக்கைக்காரி வாசலில் வந்து நின்றாள். உச்சந்தலையிலிருந்து வேர்வை சொட்ட, மூச்சு வாங்க, காலணியைக் குதிகாலால் தேய்த்துக் கழற்றினாள். முயல் தீவு வரை ஓடிவிட்டு வந்திருக்கிறாள் என்று காலில் ஒட்டியிருந்த மணலே சொன்னது. தங்கபுஷ்பத்தைப் பார்த்ததும் இடது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

தங்கபுஷ்பம் அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெறுமையாக இருந்த என் மணிக்கட்டையும் பார்த்தாள். கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

"இவளோட விளையாட்டு விடுதிப் பள்ளி விண்ணப்பம் என் மேசையிலதான் நிக்கி," என்று மட்டும் சொன்னாள். "மூணு வருச அசைவுக் குறிப்பு இல்லாம அவங்க சேக்க மாட்டாங்க. புதன்கிழமை கடைசி நாள். நாளைக்கு விழாவுக்கு வந்திருங்க."

அவள் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை.

காப்பு என்று எல்லோரும் சொல்வது, மணிக்கட்டில் மாட்டுகிற அந்த மெல்லிய பட்டையைத்தான். அது நாடியை எண்ணும், அடியை எண்ணும், வேர்வையைக் கொண்டு ஆளை அறியும். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் நாளுக்கு எட்டாயிரம் அடி நடந்தால் வாரம் இருமுறை கழகத்தின் காய்கறிப் பை வாசலுக்கு வரும். வேலைக்குப் போகிற தாய்க்கு அந்தப் பையின் அருமை தெரியும். வாழைப்பூ நரம்பெடுத்து வரும், முருங்கைக்கீரை உருவி வரும், பயறு முளைகட்டி வரும், நெத்திலி தலை கிள்ளி வரும். கூடவே ஒரு துண்டுத்தாள், பத்து நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று. முருங்கைக்கீரையில் முட்டையை உடைத்துவிட்டுப் பிரட்டினால் ஒரு வேளை. முளைப்பயறு அடையும் தக்காளித் துவையலும் இன்னொரு வேளை. நான் சமைக்கிறேனென்று ஊரில் பீற்றிக்கொண்டதெல்லாம் அந்தப் பையை வைத்துத்தான்.

ஆனால் எனக்கு எட்டாயிரத்துக்கு நேரம் எங்கே? கப்பல் முனையத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன். மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற காலமெல்லாம் போய்விட்டது. குளிரூட்டிய அறையில் திரையைப் பார்த்தபடி இரண்டு கைப்பிடியால் நாற்பது டன் பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும். மணிக்கு முப்பத்திநாலு பெட்டி. அந்த அறையில் ஆண்கள் உட்பட என் எண்ணிக்கையை ஒருத்தரும் தொட்டதில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே கிடக்க வேண்டும். கைப்பிடியின் சமிக்ஞையைக் குழப்பும் என்று அறைக்குள் காப்பைக் கட்டவும் விடமாட்டார்கள். இடைவேளைக்குக் கேன்டீனில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும். மகளுக்கு முளைப்பயறு, அம்மாவுக்கு மைதா.

முனையத்துக்கும் காப்பின் கணக்கு வேண்டும். பல வருடம் முன்பு ஒருத்தர் சீட்டிலேயே மயங்கி, பெட்டி சரிந்து, கீழே நின்றவரின் கால் போய்விட்டது. அன்றிலிருந்து நாளுக்கு எட்டாயிரம் அடி இல்லாதவருக்குக் கிரேன் சீட்டு இல்லை. நியாயமான விதிதான். அதைத்தான் நான் ஏமாற்றினேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. செப்டம்பரில் மணப்பாடு சிலுவைக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவருக்கு முடியாமல் போனால், அவர் பேரைச் சொல்லி வீட்டில் இன்னொருவர் நடப்பார். என் பிரசவத்துக்கு நேர்ந்த நடையை என் தம்பிதான் நடந்தான். கால் யாருடையதாக இருந்தால் என்ன, நேர்ச்சை யார் பேரில் என்பதுதான் கணக்கு என்று நாங்கள் வளர்ந்தோம். மூன்று வருடம் முன்பு ஒரு மழைக்காலத்தில் எனக்கு ஆறாயிரத்தில் நின்றுபோனது. பதினோரு வயது ஜோவிதா தெருவில் விளையாடப் புறப்பட்டாள். "எனக்கும் சேத்து ஓடிட்டு வாட்டி" என்று காப்பைக் கழற்றி அவள் கையில் மாட்டிவிட்டேன். காப்பு மறுக்கவில்லை. சிலுவைநாதரே ஏற்றுக்கொள்கிறார், கழகம் ஏற்றுக்கொள்ளாதா என்று சிரித்துக்கொண்டேன்.

ஒரு நாள் ஒரு வாரமாயிற்று. வாரம் வருடமாயிற்று. பதினைந்து வயதுவரை பிள்ளைகளுக்கு எட்டாயிரம் என்ற நிபந்தனை கிடையாது. அவள் காப்பு குளிர்பெட்டியின் மேலே கிடந்து தூசி படிந்தது. கேட்பார் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். அவள் அவியலை வழக்கம்போல வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு உள்ளே இறங்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல குறிப்பு கேப்பாங்கன்னு உனக்குத் தெரியுமாட்டி?"

"விண்ணப்பத்துலயே போட்டிருந்துச்சே."

"தெரிஞ்சுமா என் காப்பக் கட்டிட்டு ஓடுன?"

"நான் கழட்டுனா உன் சீட்டு போயிரும்லா," என்றாள், உப்பு எடுத்துக் கொடு என்கிற குரலில். "விடும்மா. அந்தப் பள்ளிக்கூடம் இல்லன்னா ஓட முடியாதா?"

பதினைந்து முடிந்தால் அந்தப் பள்ளியில் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு ஜனவரியில் பதினைந்து. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள். காகிதத்தில் மட்டும் அவள் மூன்று வருடமாகக் கட்டிலை விட்டு இறங்காத பிள்ளை. அவள் காலை எடுத்து நான் என் பேரில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

என் வீட்டுக்காரர் கஸ்பார் கப்பலில் சமையல்காரர். அன்று மாலை எங்கோ நடுக்கடலிலிருந்து கூப்பிட்டார். முதல் கேள்வி எப்போதும் போல, "இன்னைக்கு என்ன ஆக்குன?" நான் ஆக்கிவைத்திருக்கிற காரியத்தைச் சொன்னேன்.

"முப்பது பேருக்கு நான் சமைக்கேன் பிலோமி. ஒருத்தன் சாப்புட்டத இன்னொருத்தன் பேருல எழுதுனா ரெண்டு நாளுல தெரிஞ்சுபோவும். நீ மூணு வருசம் ஓட்டிட்ட." பிறகு, "சீட்டு போனா போவட்டும். ரெண்டு பேரு சம்பாத்தியம் ஒண்ணா ஆனா யாரும் செத்துப்போவ மாட்டோம். நீதான் அந்தச் சீட்ட விட்டு இறங்குவியான்னு எனக்குத் தெரியல," என்றார்.

அவருக்கு என்னைத் தெரியும். மணிக்கு முப்பத்திநாலு. அதை விடுவது எனக்கு லேசு இல்லை.

ஞாயிறு மாலை விழா தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்த் தங்கபுஷ்பத்தைப் பிடித்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நேத்தே தெரிஞ்சிட்டுக்கா. காய்ச்சல், மாத்திரைன்னு வேர்வை நாளுக்கு நாள் மாறும். நூத்துக்கு நூறு ஒத்துப்போகணும்னா காப்பு சொந்தக்காரரையே வெளிய தள்ளிரும். அதனால அறுபது ஒத்துப்போனா போதும்னு வச்சாங்க. தாய்க்கும் பிள்ளைக்கும் அறுபத்திரண்டு வருது."

"அப்ப நான் சொன்னத அப்படியே எழுதிக்கிட்டு அவ பேருக்கு மாத்துங்க."

"நான் நம்புவேன். மேல உள்ளவங்க நம்ப மாட்டாங்க. மகளுக்கு இடம் வாங்க அம்மா தன் பேரக் கெடுத்துக்கிடுதான்னுதான் எழுதுவாங்க. காகிதம்படி நீங்க நாடி அம்பத்திநாலு உள்ள ஆளு. பேச்சு பத்தாதுக்கா, சாட்சி வேணும்."

சாட்சிக்கு நான் எங்கே போவேன்? என்னையே இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். விருது வாங்குகிறவர்கள் காப்பைக் கட்டிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். அவர்களது நாடியும் வேகமும் பெரிய திரையில் தெரியும். அதுதான் அன்றைய வேடிக்கை. காலையில் வயிற்றுவலி என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று யோசித்துவைத்திருந்த அதே ஓட்டம்.

பெயர் கூப்பிட்டார்கள். முனையத்து ஆட்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து விசில் அடித்தார்கள். நான் மூன்று வருடத்தில் முதல்முறையாக என் காப்பைக் கட்டிக்கொண்டு ஓடினேன். முதல் ஐம்பது மீட்டர் மானத்தில் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு தொடை என் பேச்சைக் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரையில் நூற்று எண்பத்தொன்று என்று சிவப்பில் எரிந்தது. விசில் ஓய்ந்தது. யாரோ சிரித்தார்கள். பாதிச் சுற்றுகூட வரவில்லை, பாதையிலேயே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை வெளியே தள்ளினேன்.

மருத்துவர் ஓடிவந்தார். விரலில் குத்திப் பார்த்துவிட்டு முகம் மாறினார். சர்க்கரை இருநூற்று எழுபது. "எத்தன வருசமா இருக்கோ? உங்களப் பரிசோதனைக்கே கூப்பிடலயே," என்றார். எப்படிக் கூப்பிடுவார்கள்? என் பேரில் இருந்த நாடி ஒரு சின்னப் பிள்ளையுடையது. மூன்று வருடமாக நாற்பது டன் பெட்டிகளை இந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் ஆட்களுக்கு மேலே தூக்கியிருக்கிறேன்.

ஜோவிதா ஓடிவந்து என் வாயைத் துடைத்தாள். காப்பைக் கழற்றி அவள் கையில் மாட்டினேன்.

"ஓடு. எனக்காக இல்ல. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் ஓடினாள். நான்கு சுற்று. அவள் ஓடி நான் பார்த்ததில்லை, என்ன கொடுமை பாருங்கள். அவள் காலையில் ஓடும்போது நான் மாவு கரைத்துக்கொண்டிருப்பேன், போட்டி நாளில் முனையத்தில் இருப்பேன். தோள் ஆடவில்லை. வாய் மூடியிருந்தது. தரையில் கால் படுகிற சத்தமே இல்லை. திரையில் நாடி ஏறி, ஓர் இடத்தில் நின்று, அங்கேயே இருந்தது. என் பேரில் அங்கே தெரிந்த மூன்று வருட நாடிக் கோடும் இந்தக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியது எனக்கே தெரிந்தது. அவள் வந்து நின்றதும் திரை, "பிலோமினா, இன்றும் அருமை" என்று எழுதிக் காட்டியது. இந்த முறை மைதானமே சிரித்தது. நானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தேன். இவ்வளவு கேவலமாக நான் எதிலும் தோற்றதில்லை. இவ்வளவு பெருமையாகவும் எதிலும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை கழக அலுவலகத்தில் தங்கபுஷ்பத்தின் கண் சிவந்திருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா? இந்த ஊருல நாலாயிரம் பிள்ளைங்க அசையவே இல்லன்னு அறிக்கை எழுதுனது நான்தான். பிள்ளைங்க சோம்பேறி ஆயிட்டு, பெத்தவங்க நல்லா ஓடுதாங்கன்னு எழுதி, பாராட்டும் வாங்கிட்டேன். எல்லாப் பிள்ளையும் அம்மா, அப்பா காப்பக் கட்டிக்கிட்டு ஓடிருக்கு." அவள் சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நேத்து மைதானத்துல இருந்து வீட்டுக்குப் போன முப்பது பேரு காலையிலயே வந்து எழுதிக் குடுத்துட்டாங்க."

பிறகு எங்களுக்கு விதியைச் சொன்னாள். தானாக வந்து ஒத்துக்கொண்டால், ஒவ்வொரு நாளிலும் முதல் எட்டாயிரம் அம்மா பேரிலேயே நிற்கும். அந்த எட்டாயிரத்துக்குக் காய்கறிப் பையும் வந்து, தின்று, செரித்தும் போயிற்று. சீட்டில் உட்கார்ந்து எழுந்ததும் முடிந்த கதை. எட்டாயிரத்துக்கு மேலே உள்ளது மகள் பேருக்குப் போகும். எனக்கு ஆறு மாதம் சீட்டும் கிடையாது, பையும் கிடையாது. துறைமுகத்தில் பெட்டி சரிபார்க்கிற நடை வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

"எட்டாயிரத்துக்கு மேல என்ன இருக்கப்போவுது?" என்றேன். "அவ என் பங்கத்தான ஓடுனா."

தங்கபுஷ்பம் திரையைத் திருப்பினாள். நாளுக்கு ஒரு தூணாக மூன்று வருடம் நின்றது. எட்டாயிரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே இருந்ததைவிட மேலே இருந்தது உயரம்.

"நாளுக்குப் பத்தாயிரம் இருந்தா போதும். இவளுக்குக் கோட்டுக்கு மேல உள்ளதே பதினோராயிரத்துச் சொச்சம் வருது. இடம் கிடைச்சிரும்."

ஜோவிதாவுக்குச் சிரிப்பு வந்தது. "உன் பங்கு காலையிலயே முடிஞ்சிரும்மா. மிச்சம் எல்லாம் நான் எனக்கு ஓடுனது. எல்லாமே உனக்குன்னு நெனச்சியா?"

சுருக்கென்றுதான் இருந்தது. இரண்டு நாளாக, பிள்ளையின் காலைத் திருடிவிட்டேனே என்று தலையணையை நனைத்தவள் நான். அவளோ என் பங்கைக் காலைக்கடன் மாதிரி முடித்துவிட்டு, தன் பாட்டுக்கு ஒரு ஓட்டக்காரியாக வளர்ந்திருக்கிறாள். ஆனாலும் அந்தத் தூண்களைப் பார்க்கப் பார்க்க எனக்குள் பெருமை பொங்கி வந்தது. பெற்றவள் கவனிக்காத நேரத்தில் இத்தனை உயரம்.

"இது என்னக்கா, இந்த அஞ்சு நாள் மட்டும்?" தங்கபுஷ்பம் திரையை நகர்த்தினாள். "கோட்டுக்கு மேல ஒண்ணுமே இல்லியே. எட்டாயிரத்து நாலு. எட்டாயிரத்து பதினொண்ணு. எட்டாயிரத்து ரெண்டு."

அடுத்த இரண்டும் அப்படித்தான். போன வருடத்துக்கு முந்தின வருட நவம்பர். ஜோவிதாவின் சிரிப்பு போய்விட்டது. அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அந்த நவம்பர் நினைவு வந்தது. புயலுக்குப் பிறகு வெளியே ஏழு கப்பல் காத்துக்கிடந்தது. பிள்ளைக்கு நூற்று மூன்று காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டு, பிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிவைத்து, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன். இரவு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மேசையில் காப்பு இருந்தது. எட்டாயிரம் தாண்டியிருந்ததைப் பார்த்து, காய்ச்சல் விட்டுவிட்டது என்று மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்தேன். ஐந்து நாளும் அப்படித்தான் படுத்தேன்.

எட்டாயிரத்து இரண்டு. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அந்த அஞ்சு நாளையும் முழுசா அவ பேருக்கு மாத்துங்க," என்றேன்.

"தேவையே இல்லக்கா, அது இல்லாமலே இடம் கிடைச்சிரும். கோட்டுக்குக் கீழ கை வச்சா, அந்த நாள் நீங்க தகுதி இல்லாம சீட்டுல உக்காந்ததா ஆயிரும். ஒரு நாளுக்கு ஒரு மாசம் கூடும். பதினோரு மாசம் ஆயிரும். பதினோரு மாசம் சீட்ட விட்டு இருந்தா திருப்பிப் பழக எவ்வளவு நாளாவும்னு உங்களுக்கே தெரியும்."

"வேண்டாம்மா," என்றாள் ஜோவிதா.

"நீ சும்மா இரு."

தங்கபுஷ்பம் படிவத்தைத் திறந்தாள். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

"காய்ச்சலோட ஓடுனது ஜோவிதா. அவ அம்மா அன்னைக்கு உக்காந்திருந்தா."

"அப்படியேவா?"

"அப்படியே எழுதுங்க," என்று கட்டைவிரலை நீட்டினேன்.